சுவரோரத் தலையணை

கணவர் இறந்தபின், கட்டிலில் அவர் படுத்த சுவரோரம் வெறிச்சென்று கிடந்தது. டீச்சர் ஆள் நீளத்துக்கு ஒரு புதுத் தலையணை வாங்கிப் போட்டார். வாராவாரம் அதன் உறையில் ஒரே இடத்தில் எச்சில் கறை. டீச்சர் அந்தப் பக்கம் தலை வைப்பதே இல்லை.

"பயமா இருக்கும்மா. தூக்கிப் போட்டுடு," என்றாள் மகள்.

"எதுக்குடி? முப்பது வருஷம் அந்த மனுஷனோட எச்சில் உறையைத் துவைச்சவ நான். இதுக்கா பயப்படுவேன்?"

உறையைச் சோப்புப் போட்டுக் கசக்கி, பஞ்சைத் தட்டி வெயிலில் காயவைத்தார். மதியம் தலையணையைத் திரும்பக் கட்டிலில் போட்டு, கறை விழும் இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, அதன்மேல் பழைய துண்டை மடித்து வைத்தார்.

"இனிமே உறையில ஒரு சொட்டு விழக்கூடாது. தள்ளிப் படுங்க!" என்று அதட்டிவிட்டு, முதுகைக் காட்டிப் படுத்துத் தூங்கினார்.

எழுந்து பார்த்தபோது உறை சுத்தமாக இருந்தது. துண்டு நனைந்திருந்தது.