கயிற்றோடு போன அடுப்பு

ஓர் ஓட்டலில் கோழி சுடுகிற பீங்கான் கரி அடுப்பு ஒன்று இருந்தது. நாலு ஆள் சேர்ந்தால்தான் அதை அசைக்க முடியும். அதில் அதற்கு ஏகப்பட்ட பெருமை.

ஓட்டலை வேறு ஊருக்கு மாற்றும்போது அடுப்பை ஒரு வேனில் ஏற்றி, பழைய டயர் மேல் உட்கார வைத்தார்கள். கயிறு வந்து அதன் இடுப்பைச் சுற்றியது.

"சீ, தள்ளிப் போ! வயித்துல நெருப்பையே வெச்சிருக்கிறவன் நான். என்னைக் கட்டிப்போட நான் என்ன மாடா?" என்றது அடுப்பு.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நெருப்பு உங்களை ஒண்ணும் செய்யாது. கீழ விழுந்தா சில்லுச் சில்லா போயிடுவீங்க," என்றது கயிறு.

"சரி, பேருக்குச் சுத்திக்கோ. இறுக்காதே."

கயிறும் தளர்வாகவே சுற்றிக்கொண்டது. ஊர் எல்லையில் வேன் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியது. அடுப்பு டயரிலிருந்து நழுவி, வேனின் விளிம்பு வரை வந்துவிட்டது. கீழே தார்ச்சாலை வேகமாக ஓடியது.

"தம்பி! விட்டுடாதடா!" என்று அடுப்பு அலறியது.

கயிறு பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கிப் பிடித்தது. ஒரு புரி அறுந்தது. ஆனாலும் அது பிடியை விடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் அடுப்பு, "தம்பி, இருக்கியா?" என்று கேட்டது. "இருக்கேண்ணே," என்றது கயிறு.

புது ஓட்டலில் அடுப்பை இறக்கினார்கள். மேலே ஒரு கீறல்கூட இல்லை. அங்கிருந்த அண்டாக்கள் வாயைப் பிளந்து, "இவ்வளவு தூரம் பயமில்லாம எப்படிங்க வந்தீங்க?" என்று கேட்டன.

"எனக்கென்ன பயம்?" என்று நிமிர்ந்தது அடுப்பு. "கூட ஒரு கயிறு வந்துச்சு. பாவம், சின்னப் பையன், நடுங்கிட்டான். வழியெல்லாம் நான்தான் அவனைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்."