தினமும் விசாரிக்கும் மாப்பிள்ளை

மசாகா ஊரில் மாப்பிள்ளையை அலசிப் பார்ப்பது அத்தையின் உரிமை. மாலையில் போன் அடித்ததும் அண்ணன் மகள் நபுகீராவின் கையிலிருந்து அத்தை அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சாப்பிட்டியா, கண்ணு?" என்றது வாலிபக் குரல்.

"தெனமும் இதே கேள்விதானா, மாப்ளே? ஞாயித்துக்கிழமை நம்ம வழக்கப்படி சேவலோட பொண்ணு கேட்டு வா. சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு!"

போன் அடங்கியது. மாப்பிள்ளையின் வாயை அடைத்த பெருமையில் அத்தை நிமிர்ந்தாள்.

"அது ரெக்கார்டு பண்ணின குரல், அத்தே. எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. மாத்திரை போட ஆஸ்பத்திரி ஞாபகப்படுத்துது. இதை ஏற்பாடு பண்ணின வெளிநாட்டுக்காரங்க 'மாத்திரை போடு'ன்னே ரெக்கார்டு பண்ணி அனுப்பினாங்க. வீட்ல கேட்டுடும்னு, என்னை மாதிரியே மாத்திரை வாங்க வந்த லுபேகாதான் இப்படி மாத்திப் பேசிக் குடுத்தான்."

அத்தை போனைத் திருப்பிக் கொடுத்தாள். "அந்த லுபேகாவாவது வருவானாடி?"

"அவனைப் புதைச்சு ஒரு வருஷமாச்சு. வெட்கப்பட்டு ஒளிச்சுவச்ச மாத்திரையை விழுங்காமலே போயிட்டான்."

அத்தை உள்ளே போய்த் தண்ணீரோடு வந்தாள்.

"நீ எங்கடி ஒளிச்சு வச்சிருக்கே? எடு."