ஜெசிந்தினி எடுத்த கொழுந்து

"யாரு ரமேசு இந்த ஜெசிந்தினி?"

வெளிக்கள உத்தியோகத்தர் மத்தேயு போனை மேசைமேல் தள்ளினார். எதிரே நின்ற ரமேஸ் தொப்பியைக் கையில் சுருட்டினான். தெமோதரைக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவன் கங்காணியாகி எட்டு மாதம்தான்.

"தெரியாதுங்க சேர். நம்ம லயத்துல அப்புடி ஒரு ஆளே இல்ல."

"இல்லாத ஆளு தினம் பதினெட்டு கிலோ கொழுந்து எடுக்குறாளா? கூடவும் இல்ல, குறையவும் இல்ல. முழு நாள் சம்பளத்துக்குப் பேர் விழ எவ்வளவு வேணுமோ, சரியா அவ்வளவு!"

"அதத்தான் சேர் நானும் சொல்றேன். பறிக்கிற கைக்குத் தினம் ஒரே நிறை வருமா? ஒரு நாள் மழ, ஒரு நாள் அட்டக்கடி..."

"போயா லீவு அன்னைக்கும் எடுத்திருக்கா. மலையில ஒரு குருவி இல்ல! பதிவும் காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுறதுக்கு முந்தியே விழுந்திருக்கு. அந்நேரம் நிறுவை போன் யார் கையில?"

அந்நேரம் போன் ரமேஸின் லயத்துக் காம்பராவில்தான் இருக்கும்.

"நாளன்னைக்குச் சம்பளம். அவளுக்குப் பதிலா நீயே கைநாட்டு வச்சு வாங்கலாம்னு பாத்தியா?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நிஷாலினி லெப்டொப்பிலிருந்து நிமிர்ந்தாள். நிறுவைச் செயலியைச் செய்துகொடுத்த பதுளைக் கம்பனி அவளை அனுப்பியிருந்தது. மூன்று வாரமாகத் தோட்டத்தில் நிறை எழுதும் கொப்பி கிடையாது. தராசில் விழும் நிறை போனுக்குப் போய், அங்கிருந்து நேரே சம்பளக் கணக்கான செக்ரோலில் ஏறிவிடும்.

"மிஸ், உங்க மெசின்ல பிழை இருக்கலாம்ல?" ரமேஸ் கெஞ்சினான்.

"வாய்ப்பே இல்லண்ணே. இருநூத்திப் பதினாலு சோதனை எழுதி வச்சிருக்கோம். ஆள் சேருதா, நிறை சரியா ஏறுதா, சைபர் போட்டா தடுக்குதா, எல்லாத்தையும் கம்பியூட்டரே தினமும் ஓட்டிப் பாத்துடும். ஒண்ணு தவறினாலும் சிவப்பு விழும்." திரையைத் திருப்பிக் காட்டினாள். புதிதாகக் கன்று நட்ட மலைபோல வரிசை வரிசையாகப் பச்சைப் புள்ளிகள். "மூணு வாரமா ஒரு சிவப்பு இல்ல."

"நீங்க எழுதினதா மிஸ்?"

"கெவின்னு ஒருத்தர். இப்ப கொழும்புல இருக்கார். யார் எழுதினா என்ன? பச்சைன்னா பச்சைதான்."

"கேட்டியா?" என்றார் மத்தேயு. "மெசின் பொய் சொல்லாது. மனுசன்தான் சொல்லுவான்."

தட்டச்சு செய்த கடிதத்தை முன்னால் நகர்த்தினார். "வேலைய விட்டு நிக்கிறேன்னு கையெழுத்துப் போடு. பொலிசுக்குப் போகாம முடிச்சுக்கலாம்."

"வேல போனாப் போகட்டும் சேர். நான் மண்வெட்டி தூக்குவேன். ஆனா கள்ளனோட அம்மான்னு பேர் வாங்கிட்டு எங்கம்மா அத்தன பொம்பளைங்களோட எப்புடி நிரையில நின்னு கொழுந்தெடுக்கும்?"

நிஷாலினி அவன் கண்களைப் பார்த்தாள். ஈரமாக இருந்தன. கள்ளனுக்குத்தான் கண்ணீர் சீக்கிரம் வரும் என்று எங்கோ வாசித்த ஞாபகம்.

ரமேஸ் பேனாவைத் திறந்தான்.

"பொறு," என்றார் மத்தேயு. "தோட்டத் துரை ஆதாரம் கேப்பார். மிஸ், அந்தப் பச்சைய ஒரு பிரிண்ட் எடுத்துத் தாங்க. கடிதத்தோட சேத்துக் குத்தி அனுப்பிடுறேன்."

"புள்ளி மட்டும் போதாது சேர். விவரத்தோடயே எடுக்கிறேன்."

அந்த விவரத்தை அவளும் இதுவரை திறந்து பார்த்ததில்லை. பச்சையாக இருப்பதை யார் திறந்து பார்ப்பார்கள்?

மூலையில் பிரிண்டர் முனகியது. மத்தேயு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ரமேஸுக்கு உறைக்கட்டும் என்று சத்தமாகவே வாசித்தார்.

"காலை ஐந்து மணி. முதலாம் சோதனை. செக்ரோலில் ஜெசிந்தினி என்ற ஆளைச் சேர். பதினெட்டு கிலோ கொழுந்து பதி. முடிவு, சரி..."

நிஷாலினி தாளைப் பறித்து, கெவின் கற்பனையில் பெற்ற அந்தப் பெண்ணைச் சோதனை முடிந்ததும் அழிக்கும் வரியைத் தேடினாள். இருநூற்றுப் பதினான்கில் அது மட்டும் இல்லை.

ரமேஸ் பேனாவை மூடினான்.

"உங்க ஆளா மிஸ்? நாளைக்காவது பெரட்டுக்கு வரச் சொல்லுங்க."