வூடு நிக்கிற வரைக்கும்

"எழுதத் தெரியாதவங்க இன்னா பண்ணுவாங்க தம்பி?"

நூர்ஜகான் இப்படிக் கேட்டதும் இன்ஜினியர் தனசேகரன் பேனாவை மூடி வைத்துவிட்டார். கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சாதுல்லா பாயின் வீட்டுக் கூடத்தில் அவர் வந்து உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது. கச்சிராயபாளையம் சாலையில் பாய் வாங்கிப் போட்டிருந்த மனையில் புது வீடு கட்ட வேண்டும். வரைபடம் பிடித்துவிட்டது, விலையும் படிந்துவிட்டது. கையெழுத்துதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, யாருமே படிக்காத கடைசிப் பக்கத்தைப் பாயின் மனைவி மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

"தெளிவாத்தானேம்மா போட்டிருக்கேன்? தூண், பீம், தளத்துக்குப் பத்து வருஷம் கேரண்டி. ஒழுகலுக்கு அஞ்சு வருஷம். கதவு, குழாய், ஒயரிங் ஒரு வருஷம். கோளாறு வந்தா ஏழு நாளைக்குள்ள போட்டோ எடுத்து எழுதி அனுப்பணும். அவ்ளோதான், ஆளு வந்துருவாங்க."

"அதான் கேக்கறேன். போட்டோ எடுக்கத் தெரியல, எழுதத் தெரியல. அவங்களுக்கு?"

தனசேகரனுக்குச் சிரிப்பு வந்தது. பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிற இவருக்கா எழுதத் தெரியாது?

"போன்ல ஒரு வார்த்த சொன்னாலும் போதும்மா."

"வாயத் தொறந்து கேக்கவே கூச்சப்படறவங்களா இருந்தா? ஏழு நாளு தாண்டிட்டா?"

"தாண்டிட்டா கஷ்டந்தாம்மா."

"சரி, நாளைக்கு உங்க கம்பெனியே இல்லேன்னா?"

தனசேகரனுக்குச் சுருக்கென்றது. பத்து வருடமாகச் சொந்தமாகத் தொழில் செய்கிறார். இதுவரை ஒருவரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை. உதவிக்குப் பாயைப் பார்த்தார். பாயோ டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு, "அவ கேக்கறதுக்கு எல்லாம் பதில் சொல்லிடுங்க தம்பி" என்றார்.

"ஒரே ஒரு வரி சேத்து எழுதுங்க" என்றார் நூர்ஜகான். "வருஷா வருஷம் ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடி, கூப்பிடாமலே உங்க ஆளு வந்து மாடியப் பாக்கணும்."

"கூப்பிடாமலேயா? எந்தக் கம்பெனியும் இப்படி எழுதிக் குடுக்காதும்மா."

"எழுதிக் குடுக்காமலே ஒருத்தர் செஞ்சாரு."

நூர்ஜகான் கண்ணாடியைக் கழற்றினார். பார்வை தலைக்கு மேலிருந்த தளத்துக்குப் போனது.

"தொண்ணூத்தி ஒண்ணுல இந்த வூட்டக் கட்டுனது பாவாடை மேஸ்திரி. கருணாபுரத்துக்காரர். நான் கல்யாணமாயி வந்த புதுசு. 'கேரண்டி உண்டா மேஸ்திரி?'ன்னு இவரு வெளாட்டுக்குக் கேட்டாரு. 'வூடு நிக்கிற வரைக்கும் ஒழுகாது பாய், ஒழுகுனா நான் வந்து நிப்பேன்'னாரு. நாங்க சிரிச்சிட்டு மறந்துட்டோம். அடுத்த ஐப்பசி பாருங்க, காலங்காத்தால வாளியில சிமெண்ட் பாலு, கையில கரண்டி. யாரும் கூப்பிடல. மாடிக்குப் போயி குழாயில அடைச்சிருந்த எலையெல்லாம் வாரிப் போட்டுட்டு, கீறல் கண்ட எடமெல்லாம் பூசிட்டு எறங்கி வந்தாரு. சக்கரை ஜாஸ்தியா போட்டு ஒரு டீ. அவ்ளோதான், வேற ஒண்ணும் வாங்க மாட்டாரு."

"புள்ளைங்க அவரு பின்னாலயே மாடிக்கு ஓடுங்க" என்று பாய் சேர்ந்துகொண்டார். "சுவத்துல காத வச்சி, வூடு இன்னா பேசுதுன்னு கேக்கச் சொல்லுவாரு. அதுங்களும் கேட்டுக்கினு நிக்கும்."

நூர்ஜகான் சிரித்தார். கண் ஓரம் ஈரமாகியிருந்தது. "எங்க பெரியவ நிக்காஹ் அன்னிக்குப் பேய் மழை. ரோட்டுல முட்டி அளவு தண்ணி. எரநூறு பேரு இதே கூடத்துல பந்தி பந்தியா உக்காந்து சாப்ட்டாங்க. ஒருத்தர் எலையில ஒரு சொட்டு விழல தம்பி. வூடு கட்டி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு ஐப்பசி தவறுனதில்ல."

தனசேகரனுக்கு லேசாகப் பொறாமைகூட எட்டிப் பார்த்தது. "அப்ப அவர வச்சே புது வூட்டயும் கட்டலாமேம்மா?"

"அவரு போய்ச் சேந்து பதினெட்டு வருஷம் ஆவுது."

தனசேகரன் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தார். எங்கேயோ உதைத்தது. "அப்ப இவ்ளோ வருஷமா வந்தது யாரு?"

"அவரு சம்சாரம். அவரு கூடவே சித்தாளா இருந்தவங்க. அவரு செத்த வருஷம், இனிமே யாரு வரப் போறாங்கன்னு இருந்துட்டோம். ஐப்பசி மொத நாளு கதவத் தொறந்தா, அதே வாளி, அதே கரண்டி. 'நீ ஏம்மா வந்த?'ன்னு கேட்டேன். 'அவருதான போனாரு, வூடு நிக்குதே'ன்னு சொல்லிக்கினே மாடிப்படி ஏறிட்டாங்க."

தனசேகரன் பேனாவைத் திறந்தார். கடைசிப் பக்கத்தின் அடியில், 'ஆண்டுதோறும் ஐப்பசி பிறப்பதற்குள் அழைப்பில்லாமலே வந்து மாடியைப் பார்த்துச் சரிசெய்து தருவோம்' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"உங்களுக்காகத்தாம்மா இது. சரி, வூட்டுக்காரர் பேரு எழுதணும். பாய் பேரா, உங்க பேரா?"

"எங்க பேரு இல்ல தம்பி. சாலம்மாள், கணவர் பேரு பாவாடைன்னு எழுதுங்க" என்றார் நூர்ஜகான். "இத்தன வருஷமா எங்க மாடியப் பூசிக் குடுத்தவங்க, மழை வந்தா அவங்க வூட்டுக்குள்ள அஞ்சு எடத்துல பாத்திரம் வச்சிக்கினு உக்காந்திருக்காங்கன்னு போன ஐப்பசியிலதான் எங்களுக்குத் தெரிஞ்சுது."