ஆளுக்கொரு கொட்டை எழுத்து

"சார், மறைக்காம கொஞ்சம் நகருங்க. நீங்கதானே குழலி மேடத்தோட வீட்டுக்காரர்?"

தயாபரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனும் ஓவியன்தான். அந்த ஓவியப் போட்டிக் கண்காட்சிக் கூடத்தின் எதிர்ச்சுவரில் அவன் படம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் மொத்தமும் மனைவியின் படத்தைத்தான் மொய்த்தது.

டீக்கடை வாசலில் தொங்கும் பேப்பர் போஸ்டர்கள் இப்போதெல்லாம் ஆளைப் பார்த்துச் செய்தியை மாற்றிக்கொள்கின்றன. எதிரே நிற்பவர் எதைப் படிக்கத் துடிக்கிறாரோ, அதையே கொட்டை எழுத்தில் காட்டும். அவற்றைக் கிழித்து, புடவைத் துணி, பஸ் டிக்கெட்டோடு சேர்த்து ஒரு பழைய கதவில் ஒட்டியிருந்தாள் குழலி. கிழிந்தும் அவற்றுக்கு அந்தப் புத்தி போகவில்லை. நடிகையின் விவாகரத்து, மேனேஜர் கைது என்று ஆளுக்கொன்றைப் படித்துவிட்டு ஜனங்கள் அசடு வழியச் சிரித்தார்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது? தயாபரன் முண்டியடித்துப் போய் முன்னால் நின்றான். எழுத்துகள் புரண்டன.

'காப்பியடித்தார் குழலி! பரிசு பறிப்பு! மேடையிலேயே கதறல்!'

சிரிப்பு சட்டென்று நின்றது.

"நல்லா இருக்குங்க" என்றாள் பின்னாலிருந்து குழலி.

"அ... அது ஏதோ உளறுதும்மா."

"அப்படியா? தள்ளுங்க, எனக்கு என்ன உளறுதுன்னு பார்ப்போம்."

அவள் நின்றாள். எழுத்துகள் மறுபடி புரண்டன.

'தயாபரனுக்கு முதல் பரிசு! மனைவி ஆனந்தக் கண்ணீர்!'

கூட்டம் கைதட்டியது. தயாபரன் பல்லைக் கடித்தான்.

இதிலும் அவளே ஜெயித்துவிட்டாள்.