கிழக்கே ஆறு
பழனி மலையடிவாரத்தில் வெயில் சுள்ளென்று ஏறுகிறது. புதுக் கால்வாய் தன் கடலைக்காட்டை இரண்டாகப் பிளக்கிறதே என்று பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார் பொன்னுவேல். "கிழக்கே ஆறு வரைக்கும் என் நிலம்னு தாத்தா காலத்துப் பத்திரமே சொல்லுதுங்க!" காட்டின் கிழக்கோரம் ஆறு பளபளக்கிறது. கால்வாய் வேலையைப் பார்க்கும் ஓவர்சியர் வாய் திறக்குமுன், கால்வாய்ப் பள்ளத்தில் மண் அள்ளும் தமயந்தி மேலே வந்து கூடையைக் கவிழ்க்கிறாள். ஈர மணலோடு வழவழவென்று கூழாங்கற்கள் உருள்கின்றன. "அந்தக் காலத்துல ஆறு இங்கனதான் ஓடியிருக்குங்கய்யா. பத்திரத்துல உள்ளது எந்த ஆறு?" பள்ளத்துக்குள் மற்ற வேலைக்காரப் பெண்களின் வளையல்கள் குலுங்கச் சிரிப்பு. ஓவர்சியர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிகிறார். பொன்னுவேல் கல்லையும் ஆற்றையும் மாறி மாறிப் பார்க்கிறார். "வெரசா தள்ளி நில்லுங்கய்யா, மண்ணு சரியுது!" என்று கத்துகிறாள் தமயந்தி. அவர் காலைத் தூக்குகிறார், எந்தப் பக்கம் வைத்தால் தன் நிலம் என்று தெரியாமல் அப்படியே நிற்கிறார்.