ஜெபத்துல வெச்சிருக்கேன்

தம்பி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு முழங்காலிட்டதும் ஆலயமே உருகிப்போயிற்று.

அக்காவுக்கு மட்டும் வயிறு எரிந்தது.

அவள் கடைசி வரிசையில், அப்பாவின் சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதன் நினைவாக, பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுவது போதகரின் வேலை. இந்த வருஷம் அவருக்கு முதுகுவலி. அவர் இடத்தைப் பிடிக்க மூப்பர்களுக்குள் நடந்த தள்ளுமுள்ளு இருக்கிறதே, அப்பப்பா! தாழ்மைக்கு இத்தனை போட்டியா என்று ஆண்டவரே அசந்துபோயிருப்பார். கடைசியில் சபைச் செயலாளரான தம்பிதான் ஜெயித்தான்.

கழுவப்படும் கால்களும் லேசுப்பட்டவை அல்ல. காணிக்கைப் பையில் கனமாகப் போடுகிறவர்களின் கால்கள். வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, பவுடர் வேறு போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அழுக்கே இல்லாத காலைக் கழுவ ஒரு ஜாடி வெந்நீர், வெள்ளைத் துண்டு, எதிரே ஒரு போட்டோக்காரர்.

அப்பா இருப்பது அக்கா வீட்டில். தம்பி வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. சர்க்கரை முற்றி, காலில் வந்த புண் ஆறவே இல்லை. அவள் போன் போட்டு, "தம்பி, அப்பா கால்..." என்று ஆரம்பிப்பாள்.

"ஜெபத்துல வெச்சிருக்கேன்க்கா" என்று வைத்துவிடுவான்.

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்ல அவளை விட்டதே இல்லை. வருஷம் ஒன்றாகிறது, எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால் ஊழியமாம், ஊழியம்!

அப்பாவுக்கு அவன்மேல் துளிக் கோபம் கிடையாது. அவன் கை ஒரு தடவை தன்மேல் பட்டால் போதும் என்பார். இன்றைக்கும் அடம்பிடித்துத்தான் வந்திருந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, இடுப்பிலிருந்து கீழே போர்வை போர்த்திக்கொண்டு.

பன்னிரண்டாவது ஆளான மில் முதலாளி வரவே இல்லை. அவர் நாற்காலி காலியாகக் கிடந்தது.

அக்கா யோசிக்கவில்லை. நடுவழியாக விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு போனாள். காலி நாற்காலியை இடுப்பால் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் அப்பாவை நிறுத்தினாள்.

தம்பி நிமிர்ந்தான். முகம் சுண்டிப்போயிற்று. போட்டோக்காரரைப் பார்த்ததும் அது தானாக மலர்ந்தது. பெற்ற தகப்பனின் காலைக் கழுவுகிறான், லேசான காரியமா! பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

வலது காலைக் கழுவினான். பதமாகத் துடைத்தான். அடுத்த காலுக்காகப் போர்வைக்குள் கையை விட்டான்.

கை துழாவியது. இன்னும் மேலே போனது. முழங்காலில் போய் நின்றது.

அதற்குக் கீழே ஒன்றுமில்லை. எடுத்து மாதக்கணக்காகிறது.

அவன் முகம் வெளுத்தது. இப்போதாவது இவன் வாய்விட்டு அழுவான், அப்பாவைக் கட்டிக்கொள்வான் என்று அக்கா காத்திருந்தாள்.

"அண்ணே, அந்தக் காலையும் கொஞ்சம் வெளியே எடுங்க" என்றார் போட்டோக்காரர்.

தம்பி கையை வெளியே எடுத்தான். போர்வையை ஒழுங்காக இழுத்து மூடினான். அந்த வலது காலையே திரும்பவும் தட்டில் வைத்து, திரும்பவும் தண்ணீர் ஊற்றினான், போட்டோவுக்கான அதே சிரிப்போடு.

பாவி! ஜாடியைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்க்கத்தான் அக்கா கையை நீட்டினாள்.

அப்பா அந்தக் கையைப் பிடித்துத் தன்பக்கம் இழுத்தார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. அவள் காதோடு சொன்னார்:

"பாத்தியாம்மா? மத்தவங்களுக்கெல்லாம் ஒரு தடவதான். என் காலை மட்டும் ரெண்டு தடவ கழுவறான்."